தங்க நிலையான இடம் இல்லாதவர் ஏஆர்டி சிகிச்சையைத் தொடர்வது எப்படி?

திருப்பூரில் இருக்கும் ஒரு தம்பி தன் பெரியப்பா மகனைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு நாற்பது வயதுக்கு மேல். கரூர் பக்கம் இருந்தபோது சில வருடங்கள் ஒழுங்காக ஏஆர்டி மாத்திரை, அதாவது எச்ஐவியை அடக்கி வைக்கும் மாத்திரை, சாப்பிட்டவர். விஷயம் வீட்டில் தெரிந்து பேச்சு முற்றியதும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். மனைவி தாராபுரத்தில் அம்மா வீட்டில் இருக்கிறார். அண்ணன் முதலில் கம்பெனி ரூமில் நாலு பேரோடு தங்கினார், அப்புறம் ஒரு நண்பர் வீட்டில். இப்போது வேலை செய்யும் பனியன் கம்பெனி மாடியிலேயே படுத்துக்கொள்கிறார். மாத்திரை நின்று நான்கு மாதம் ஆகிறது. "கரூர் போக மாட்டேன் என்கிறார். இங்கே கேட்கலாம் என்றால் ஆதாரில் பழைய முகவரி, வாடகைப் பத்திரம் எதுவும் கிடையாது. மறுபடி ஆரம்பிக்க முடியுமா? ஆரம்பித்தாலும் மாத்திரையை எங்கே வைத்துக்கொள்வார்?" இதுதான் கேள்வி.

முடியும் தம்பி. கரூர் போக வேண்டியதும் இல்லை. திருப்பூர் அரசு மருத்துவமனையிலேயே ஏஆர்டி மையம் இருக்கிறது. கோவை, ஈரோடு, சேலம், நாமக்கல் என்று நம் பக்கத்து மாவட்டங்களிலும் அரசு மருத்துவமனைகளில் இருக்கிறது. தெரிந்தவர் கண்ணில் படுவோமோ என்ற பயத்தில் திருப்பூர்க்காரர் கோவைக்கும் கோவைக்காரர் ஈரோட்டுக்கும் போய் மருந்து வாங்குவது இங்கே சாதாரணம். அதில் தப்பு எதுவும் இல்லை. ஆனால் உங்கள் அண்ணன் நிலையில், நடந்தோ ஒரே டவுன் பஸ்ஸிலோ போகக்கூடிய மையம்தான் நல்லது என்று நான் சொல்வேன். தூரம் கூடினால் அடுத்த மாதமே ஏதாவது ஒரு காரணம் வந்து நிற்கும்.

எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலும் ஏஆர்டி மையத்திலும் பல வருடம் ஆலோசகராக வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்கிறேன். இந்தியாவில் இந்த மருந்து அரசு மருத்துவமனைகளில் இலவசமாகக் கிடைக்க ஆரம்பித்தது 2004 ஏப்ரலில். 2017இல் இருந்து, எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் ரத்த அணுக்களான சிடி4 எண்ணிக்கை எவ்வளவு இருந்தாலும், எச்ஐவி உறுதியானவர் எல்லோருக்கும் உடனே தரலாம் என்று விதி மாறியது. இன்றைக்கு ஒருவர் சிகிச்சையை விடுகிறார் என்றால் பெரும்பாலும் மருந்து கிடைக்காததால் விடுவதில்லை. வேலை மாறும், அறை மாறும், ஊர் மாறும். மாறுகிற ஒவ்வொரு தடவையும் மருந்து பாட்டில்தான் முதலில் பின்தங்கிவிடுகிறது. இது தெரியாமல் "பொறுப்பில்லாத ஆள்" என்று முத்திரை குத்திவிடுகிறோம். உங்கள் அண்ணனைப் பார்த்ததும் ஏன் விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். ராத்திரி எங்கே படுக்கிறீர்கள், சாப்பாடு எங்கே, எத்தனை மணிக்கு வேலை முடிகிறது என்று கேளுங்கள். வழி அங்கிருந்துதான் பிறக்கும்.

மையத்தில் போய் உட்கார்ந்ததும் அவர் சொல்ல வேண்டிய முதல் விஷயம், "நான் ஏற்கெனவே கரூர் பக்கம் மருந்து எடுத்தவன், நான்கு மாதமாக விட்டுவிட்டேன்" என்பது. திட்டுவார்களோ என்று பயந்து புது ஆள் மாதிரி மறுபடி ரத்தம் கொடுத்து, புதிதாகப் பதிவு போட்டுக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அது அவர்களுக்கே கெடுதல். முன்பு எந்த மருந்துச் சேர்க்கை, எத்தனை வருடம், கடைசியாக வைரஸ் அளவு எவ்வளவு இருந்தது என்பதெல்லாம் தெரிந்தால்தான் டாக்டர் சரியாக முடிவெடுக்க முடியும். பழைய மையத்தில் கொடுத்த சிறு புத்தகம் இருந்தால் எடுத்துப் போகட்டும். தொலைந்து போயிருந்தாலும் பரவாயில்லை. பழைய மையத்தின் பெயரையும் சேர்ந்த வருடத்தையும் சொன்னால், இங்கிருந்தே போன் போட்டு விவரம் வாங்கிக்கொள்வார்கள்.

யாராவது குரலை உயர்த்திப் பேசினால் மனம் உடைந்து திரும்பிவிட வேண்டாம். ஆலோசகரைத் தனியாகப் பார்க்க வேண்டும் என்று கேட்கட்டும். முதல் தடவை நீங்களே கூடப் போங்கள். துணைக்கு ஒரு ஆள் நிற்பது எவ்வளவு தெம்பு என்பதை அந்த வராண்டாவில் வருடக்கணக்காகப் பார்த்திருக்கிறேன்.

ஒரு எச்சரிக்கை. பையில் பழைய மாத்திரை மிச்சம் இருந்தால், அதை இன்று ராத்திரியே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டாம். நாலைந்து நாள் விட்டவர் என்றால் உடனே தொடரலாம். நான்கு மாதம் விட்டவர் கதை வேறு. அதற்குள் எதிர்ப்புச் சக்தி இறங்கி, காசநோயோ மூளைக்காய்ச்சலோ சத்தமில்லாமல் ஆரம்பித்திருந்தால், அதற்கு முதலில் மருந்து கொடுத்துவிட்டு அப்புறம்தான் ஏஆர்டி தொடங்க வேண்டியிருக்கும். இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை இந்த நாலில் எது இருந்தாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். எச்ஐவி உள்ளவர்களைக் கொண்டுபோகும் நோய்களில் காசநோய்தான் முதலிடம். காற்றோட்டமில்லாத ஒரே அறையில் ஆறேழு பேர் படுக்கும் இடத்தில் அது பரவுவதும் எளிது. சிடி4, சளிப் பரிசோதனை, தேவைப்பட்டால் எக்ஸ்ரே எல்லாம் அங்கேயே இலவசம். மஞ்சள் காமாலை பி வைரஸ் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மாத்திரையில் உள்ள இரண்டு மருந்துகள் அந்த வைரஸையும் அடக்கி வைப்பவை. திடீரென்று நிறுத்தினால் ஈரல் வீங்கிக் கிளம்பும் ஆபத்து உண்டு.

முகவரி விஷயத்துக்கு வருகிறேன். வீட்டு முகவரி இல்லாதவருக்குச் சிகிச்சை கிடையாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மையத்தில் அடையாளச் சான்றும் முகவரியும் கேட்பது, மருந்துக்கு வராமல் நின்றால் தேடிப் பிடிப்பதற்காக. ஆதாரில் பழைய முகவரி இருந்தால் அதையே காட்டலாம். "இப்போது தங்குவது இங்கே, மாறினால் சொல்கிறேன்" என்று வாயால் சொல்லி எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். முகவரியைவிடப் பெரியது போன் நம்பர். அடிக்கடி சிம் மாற்றுகிறவர் என்றால், மாறாத நம்பர் ஒன்றைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். அது உங்களுடையதாகவே இருக்கட்டும். யாருக்குப் போன் போட்டால் என்ன சொல்லலாம், என்ன சொல்லக்கூடாது என்பதையும் ஆலோசகரிடம் முன்பே பேசி வையுங்கள். வீட்டுக்கு ஆள் வர வேண்டாம் என்றால் அதையும் தெளிவாகச் சொல்லலாம். அதுவும் அவர் உரிமை.

இனி மாத்திரையை வைக்கிற இடம். இதை ரொம்பச் சின்ன விஷயமாக நினைக்கிறார்கள். என் அனுபவத்தில் பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். இப்போது பெரும்பாலானவர்களுக்குத் தருவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். ஒரு நாளைக்கு ஒன்று, முப்பது மாத்திரை ஒரு பிளாஸ்டிக் பாட்டிலில். பையை நகர்த்தினாலே கலகலவென்று சத்தம் கேட்கும். நாலு பேர் படுக்கிற ரூமில் தினமும் ஒருவர் பையைத் திறந்து பாட்டிலை ஆட்டினால், "என்னங்ண்ணா மாத்திரை?" என்று கேள்வி வரத்தான் செய்யும். அந்தக் கேள்விக்குப் பயந்து, காகிதத்தில் பத்து மாத்திரையைச் சுற்றிச் சட்டைப் பையில் வைப்பார்கள். வியர்வையில் நனைந்து மாத்திரை உதிர்ந்துபோகும்.

பாட்டிலின் மேல்பக்கத்தில் கொஞ்சம் சுத்தமான பஞ்சை அடைத்துவிட்டால் சத்தம் வராது. உள்ளே இருக்கும் ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தை எடுத்துப் போட்டுவிட வேண்டாம். மேலே ஒட்டியிருக்கும் லேபிள் உறுத்துகிறது என்றால் அதன் மேல் வெள்ளைத்தாள் ஒட்டி, பாட்டில் வாங்கிய தேதியை மட்டும் எழுதிக்கொள்ளலாம். 30 டிகிரிக்கு மேல் சூடு ஏறாத இடமாகப் பார்க்க வேண்டும். தகரக்கூரையை ஒட்டிய பரணும் வண்டி டேஷ்போர்டும் கூடவே கூடாது. துணிப் பையின் நடுவில், துணிகளுக்கிடையே வைப்பது நல்லது. கம்பெனியில் லாக்கர் இருந்தால் அங்கே ஒரு வாரத்துக்கானதை வைக்கலாம். மீதியை நம்பிக்கையான ஒருவர் வீட்டில் கொடுத்து வைத்தால், பை திருடு போனாலும் சிகிச்சை நிற்காது. அந்த ஒருவராக நீங்கள் இருக்க முடியுமா என்று யோசியுங்கள். யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று அவர் முன்கூட்டியே ஒரு பதிலை வைத்துக்கொள்ளட்டும். பிரஷர் மாத்திரை, அல்சர் மாத்திரை என்று சொல்வதில் குற்ற உணர்ச்சி தேவையில்லை. தன் உடம்பைப் பற்றி யாரிடம் சொல்வது என்று முடிவு செய்கிறவர் அவர்தான்.

எப்போது சாப்பிட வேண்டும் என்பதிலும் பழைய பயங்கள் நிறைய. முன்பு கொடுத்த சேர்க்கையில் ஒரு மருந்து தலைசுற்றலும் கெட்ட கனவும் தரும், அதனால் ராத்திரி படுக்கும் நேரத்தில்தான் போடச் சொன்னோம். இப்போதைய மாத்திரைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. வெறும் வயிற்றிலும் போடலாம், சாப்பிட்டுவிட்டும் போடலாம். "காலையில் டீயும் பன்னும்தான், சாப்பாடு இல்லாமல் இந்த மருந்து ஆகாது" என்று விடுகிறவர்களுக்கு இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்வேன். தினமும் ஒரே நேரமாக இருந்தால் மறக்காது, அவ்வளவுதான். கம்பெனி டீ டைமோடு சேர்த்து வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ஒரு நாள் மறந்துவிட்டால் ஞாபகம் வந்த உடனே போடலாம். அடுத்த மாத்திரைக்கு நாலு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால் விட்டுவிட்டு அடுத்ததை நேரத்துக்குப் போட வேண்டும். இரண்டையும் சேர்த்துப் போடக்கூடாது.

குடித்த நாளில் மாத்திரை போடக்கூடாது என்று நம்பி வார இறுதியில் இரண்டு நாள் விடுகிறவர்கள் ரொம்பப் பேர். குடி ஈரலுக்குக் கெடுதல்தான், அதை விடச் சொல்லித்தான் நானும் சொல்வேன். ஆனால் குடித்தாலும் மாத்திரையை விடக்கூடாது. இன்னொன்று, நேரம் தப்பிச் சாப்பிடுகிறவர்களுக்கு வயிற்று எரிச்சல் சகஜம், மெடிக்கலில் ஜெலுசில் மாதிரி மருந்து வாங்கிக் குடித்துவிடுவார்கள். அதில் உள்ள அலுமினியமும் மெக்னீசியமும் டோலுடெக்ராவிரை உடம்பில் ஏறவிடாது. அந்த மருந்துக்கு இரண்டு மணி நேரம் முன்பாக, அல்லது ஆறு மணி நேரம் கழித்து ஏஆர்டி மாத்திரையைப் போட வேண்டும்.

அடுத்தது வேலை நேரம். திருப்பூரில் ஒண்ணரை ஷிப்ட் என்றால் காலை எட்டரைக்குப் போய் ராத்திரி எட்டரைக்குத்தான் வெளியே வர முடியும். ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, அன்றைக்கு ஏஆர்டி மையமும் லீவு. ஒரு நாள் மருந்துக்குப் போனால் ஒரு ஷிப்ட் கூலி போச்சு, கூடவே கான்ட்ராக்டரிடம் ஒரு பொய்யும் சொல்ல வேண்டும். மாதாமாதம் பொய் சொல்ல யாரால் முடியும்? வைரஸ் அளவு அடங்கி, உடம்பு சீராக இருக்கிறவர்களுக்கு மூன்று மாத மருந்தை மொத்தமாகத் தரும் ஏற்பாடு இருக்கிறது. உங்கள் அண்ணனுக்கு இப்போதே அது கிடைக்காது, மறுபடி தொடங்கிச் சில மாதம் சரியாக வந்து, பரிசோதனையில் அளவு குறைந்திருக்க வேண்டும். அதுவரை மாதம் ஒரு தடவை போயே ஆக வேண்டும். மருந்து தீர்வதற்கு நாலைந்து நாள் முன்னாலேயே போய்விட்டால், அவசர ஆர்டர் வந்து ஒரு நாள் தள்ளிப்போனாலும் இடைவெளி விழாது. மனைவி தாராபுரத்தில் இருந்து வந்துபோக வேண்டி வந்தால் பஸ் செலவு உண்டு. நகரத்துக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021 மே மாதத்தில் இருந்து டிக்கெட் கிடையாது.

இந்தக் கேள்வி உங்கள் அண்ணனோடு முடிவதில்லை. நம் கொங்கு நாட்டுப் பிழைப்பே நகர்ந்துகொண்டிருக்கிற பிழைப்பு. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் போகிறவர்கள் மாதக்கணக்கில் வடக்கே மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே தூங்குகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களுக்குக் கேபின்தான் வீடு. பள்ளிபாளையம், சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிய லைன் வீட்டில் இருப்பவர்கள், முன்பணத் தகராறு வந்தால் ஒரே ராத்திரியில் சாமானை ஏற்ற வேண்டியதுதான். ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு மொழியும் ஒரு சுவர். இவர்கள் எல்லோருக்கும் பொருந்துகிற ஒன்று: கிளம்புவதற்கு முன் மையத்தில் சொல்லிவிட்டுக் கிளம்ப வேண்டும். சொன்னால் கூடுதல் நாளுக்கு மருந்து கிடைக்கலாம், அல்லது போகிற ஊர் மையத்துக்கு மாற்றிக் கொடுப்பார்கள். இந்தியா முழுக்க 700க்கும் மேற்பட்ட ஏஆர்டி மையங்கள் இருக்கின்றன. வழியில் மருந்து தீர்ந்துபோனாலும், கையில் சிகிச்சைப் புத்தகம் இருந்தால் அந்த ஊர் மையத்தில் தற்காலிகமாக வாங்கிக்கொள்ளும் முறை உண்டு. அந்தப் புத்தகத்தை போனில் படம் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த ஊரில் மையம் எங்கே என்று தெரியாவிட்டால் 1097க்கு அடிக்கலாம், கட்டணம் கிடையாது, பல மொழிகளில் பேசுவார்கள்.

வீடு தேடும்போது சட்டம் துணை நிற்குமா என்றால், நிற்கும், ஓரளவுக்கு. 2017இல் நிறைவேறி 2018 செப்டம்பர் 10இல் நடைமுறைக்கு வந்த எச்ஐவி தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், எச்ஐவி இருப்பதைக் காரணம் காட்டி வாடகை வீடு மறுப்பதையும் குடியிருப்பவரை வெளியேற்றுவதையும் தடை செய்கிறது. குடும்பத்தார் சேர்ந்து வாழும் வீட்டில் தங்கும் உரிமையும் அதில் உண்டு. உங்கள் அண்ணனைக் கரூர் வீட்டில் இருந்து நெட்டித் தள்ளியிருந்தால் அதுவும் இந்தச் சட்டத்துக்குள் வரும். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாக வக்கீல் உதவி கேட்கலாம். ஆனால் நடைமுறை எனக்குத் தெரியும். எந்த வீட்டு ஓனரும் நோயைக் காரணமாகச் சொல்ல மாட்டார். "எங்க மாமன் பையன் குடி வர்றானுங்க, மாசக் கடைசிக்குள்ள காலி பண்ணிருங்க" என்பார். அதை நிரூபிப்பது கஷ்டம். அதனால் ரகசியம் வெளியே போகாமல் பார்ப்பதுதான் முதல் பாதுகாப்பு. மருத்துவமனை, ஓனரிடமோ முதலாளியிடமோ சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர எச்ஐவி பரிசோதனை கேட்பதும் இதே சட்டப்படி தப்பு.

ஒன்றுமே அமையவில்லை என்றால், மாநகராட்சிகளில் வீடற்றோருக்கான இரவுத் தங்குமிடங்கள் இருக்கின்றன. லட்சம் பேருக்கு ஒன்றாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. அவசரத்துக்கு அது உதவும். ஆனால் எனக்கு மனதில் நிற்பது சிகாகோவில் நடந்து 2009இல் வெளிவந்த ஒரு ஆய்வு. மருத்துவமனையில் இருந்து வெளியேறும், வீடில்லாத எச்ஐவி நோயாளிகள் 105 பேரில் ஒரு பாதிப் பேருக்கு நிலையான வீடும் கூடமாட உதவிக்கு ஆளும் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு வழக்கமான கவனிப்பு மட்டும். ஒரு வருடம் கழித்து, வீடு கிடைத்தவர்களில் 55 சதவீதம் பேர் உயிரோடும் எதிர்ப்புச் சக்தி குலையாமலும் இருந்தார்கள். மற்றவர்களில் 34 சதவீதம்தான். அமெரிக்காவில் எச்ஐவி உள்ளவர்களின் வீட்டுக்கென்று 1990களில் இருந்தே தனி நிதித் திட்டம் உண்டு. மருந்துக்கு இவ்வளவு செலவு செய்கிற நம் அரசு, வாடகை முன்பணத்துக்கும் ஒரு வழி செய்ய வேண்டும் என்று நான் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறேன். திருப்பூரில் தொழிலாளர் விடுதி கட்டுகிற முதலாளிகளும் ஆளுக்கொரு பூட்டுப் பெட்டி வைத்தாலே போதும், பெரிய உதவி.

அண்ணியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் சொல்லாமல் விட முடியாது. அவருக்குப் பரிசோதனை ஆகியிருக்கிறதா என்று அண்ணனிடம் மெதுவாகக் கேளுங்கள். தாராபுரம் அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம், முடிவு அவரிடம் மட்டுமே சொல்லப்படும். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் பார்ப்பது நல்லது. அண்ணிக்குத் தொற்று இல்லை என்று வந்தால், அண்ணன் மாத்திரையைத் தொடர்ந்து சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டுபிடிக்க முடியாத நிலைக்கு வந்து, அப்படியே இருக்கும்வரை, உடலுறவு மூலம் அவருக்குத் தொற்றாது. இதை முதலில் உறுதி செய்த பெரிய ஆய்வுகளில் ஒன்றில் சென்னையிலும் புனேயிலும் இருந்த தம்பதிகளும் இருந்தார்கள், 2011இல் அதன் முடிவு வந்தது. அண்ணியும் அவர் வீட்டாரும் இதைக் கேட்டிருக்க வாய்ப்பு குறைவு. அண்ணன் சம்மதித்தால், அவர் மருந்து தொடங்கிச் சில மாதம் ஆனதும் இருவரையும் ஒன்றாக ஆலோசகரிடம் கூட்டிப் போங்கள். இதை டாக்டர் வாயால் கேட்ட பிறகு மறுபடி ஒரே வீட்டில் சேர்ந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன். இருவரும் சேருவார்களா என்பது அவர்கள் முடிவு. அதற்காகக் காத்திருக்காமல் அண்ணனை இந்த வாரமே ஒரு நாள் காலையில் மையத்துக்குக் கூட்டிப் போங்கள்.